பத்தாயிரம் அடி: ஓர் எண்ணின் வரலாறு



உங்கள் கையிலும் அடிகளை எண்ணும் கடிகாரம் ஒன்று இருக்கலாம். நான் அதைக் கட்டத் தொடங்கி இரண்டு மாதந்தான் ஆகிறது. முதல் வாரம் முழுக்க அது சொன்னதுதான் எனக்குச் சட்டம். இரவு பதினொரு மணிக்கு 9,400 என்று காட்டினால் தூக்கம் வராது. வரவேற்பறையில் முன்னும் பின்னும் நடந்து மீதி 600 அடியை முடித்த பிறகுதான் படுக்கை. அந்த உற்சாகத்தில் 70 வயது அப்பாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "தினமும் பத்தாயிரம் அடி நடக்கணும்ப்பா" என்று கண்டிப்பாகவும் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் வாரம், பள்ளியிலிருந்து திரும்பியபோது, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. "இன்னும் ரெண்டாயிரம் பாக்கி இருக்கும்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் பத்தாயிரம்? யார் சொன்னது? வகுப்பில் "ஆதாரம் என்ன?" என்று உங்களை ஓயாமல் கேட்கும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அதனால் தேடிப் படித்தேன்.

அடிகளை எண்ணும் ஆசை புதியதன்று. அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன், 1788இல் பாரிஸிலிருந்து தம் நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு அடிமானி ஒன்றை அனுப்பினார். கருவி இடுப்புப் பையில் இருக்கும். அதிலிருந்து ஒரு நாடா முழங்கால்வரை இறங்கும். கால் அசைய அசைய, முள் நகரும். அப்போது அது தூரத்தை அளக்கும் கருவி. உடல்நலத்தைப் பற்றி அது பேசவில்லை.

பத்தாயிரம் என்ற எண் ஜப்பானிலிருந்து வந்தது. 1964இல் தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதையொட்டி மக்களிடையே உடற்பயிற்சி ஆர்வம் பெருகியது. மறு ஆண்டே, 1965இல், யமாசா என்னும் நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிமானியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் 'மான்போ-கேய்'. 'மான்' என்றால் பத்தாயிரம், 'போ' அடி, 'கேய்' அளவி. ஆக, நாம் மருத்துவ விதி என்று நம்பும் எண், ஒரு விற்பனைப் பொருளின் பெயராகத்தான் உலகைச் சுற்றத் தொடங்கியது. முழு எண், மனத்தில் எளிதில் நிற்கும். பிறகு வந்த கைக்கருவிகளும் அதையே இலக்காக வைத்துக்கொண்டன. சிங்கப்பூரிலும் 2015இல் சுகாதார மேம்பாட்டு வாரியம் அடிகளை எண்ணும் நாடளாவிய சவாலைத் தொடங்கியபின், இத்தகைய பட்டைகள் பலர் கைகளில் ஏறின.

அப்படியானால் அந்த எண் பொய்யா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களைக் கவனித்தது. நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. அடிகள் கூடக்கூட அது மேலும் குறைந்தது. ஆனால் 7,500 அளவில் நின்றுவிட்டது. நடப்பது நல்லதுதான். ஆனால் பத்தாயிரத்தைத் தொடாத நாள் வீணான நாள் அன்று.

கருவியும் நம் கால்களைப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் முடுக்கமானி கையின் அசைவை உணர்ந்து, அதை அடி என்று கணிக்கிறது. அதனால்தான் வெண்பலகையில் வேகமாக எழுதி அழிக்கும்போது எனக்குச் சில அடிகள் இலவசமாகச் சேர்கின்றன. பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கும்போதோ பல அடிகள் கணக்கில் வருவதே இல்லை!

மாணவர்களே, தேர்வுக் கட்டுரையில் நீங்கள் ஒரு புள்ளிவிவரத்தை எழுதுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை முதலில் சொன்னவர் யார்? எதற்காகச் சொன்னார்? யாருக்கு இது பொருந்தும்? எனக்கு இந்தக் கேள்விகள் தெரியும். ஆனால் அப்பாவிடம் அந்த எண்ணைச் சொல்லுமுன் ஒன்றைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மருத்துவரைப் பார்த்தோம். வீக்கம் வடியும்வரை ஓய்வு. பிறகு வலிக்காத அளவுக்கு நடக்கலாம் என்றார். இப்போது அப்பாவின் இலக்கு 4,000. அதை எட்டியதும் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கீழ்த்தளத்தில் நண்பர்களோடு பேசப் போய்விடுகிறார். அந்த அடிகளை யாரும் எண்ணுவதில்லை.