டோரதியின் பின்னலும் ஒரு இரண்டாவது டேக்கும்

இந்த வாரம் 1939-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்'. டோரதி சோளக்கொல்லை பொம்மையைச் சந்திக்கிற காட்சியில அவளோட ரெட்டைப் பின்னலை மட்டும் பாருங்க. ஒரு ஷாட்ல தோள் வரைக்கும், இன்னொரு ஷாட்ல அதுக்கும் கீழே!

நானும் முதல்ல சிரிச்சேன். அப்புறம் படம் எடுத்த கதையைப் படிச்சேன். முதல் இயக்குநர் ரிச்சர்ட் தோர்ப்பைச் சில நாட்களிலேயே மாற்றினார்கள். அடுத்து வந்த ஜார்ஜ் க்யூகர், ஜூடி கார்லண்டின் பொன்னிற விக்கைக் கழற்றச் சொன்னார். பிறகு விக்டர் ஃபிளெமிங். கடைசியில் கான்சாஸ் காட்சிகளுக்கு கிங் விடோர். திரையில் பெயர் வந்தது ஃபிளெமிங்குக்கு மட்டும்.

தகர மனிதனாக நடிக்க வந்த பட்டி எப்சன், ஒப்பனையில் இருந்த அலுமினியத் தூளைச் சுவாசிச்சு மருத்துவமனையில் படுத்தார். அந்த வேஷம் ஜாக் ஹேலிக்குப் போச்சு. ஆனா கூட்டுப் பாட்டில் எப்சனோட குரல் இன்னும் இருக்கு.

சூனியக்காரி மார்கரெட் ஹாமில்டன் நெருப்போடு மறையும் ஷாட், முதல் டேக்கிலேயே சரியா வந்துச்சு. இன்னொரு டேக் எடுத்தாங்க. தீ முந்திக்கிச்சு, முகமும் கையும் வெந்தன. வாரக்கணக்கில் ஓய்வெடுத்துத் திரும்பியவர், இனி நெருப்பு வேண்டாம்னுட்டார். படத்தில் இருப்பது அந்த முதல் டேக்தான்.

பின்னல் எல்லார் கண்ணுக்கும் படுது. இந்தத் தப்பு திரையில தெரியவே தெரியாது.