மலையக மக்களின் இயற்பெயரும் செக்ரோல் பெயரும்

மகனின் மகனையும் மகளின் மகனையும் 'பேரன்' என வழங்குவது தமிழர் மரபு. 'பெயரன்' என்பதன் மரூஉவாகிய அச்சொல், பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்னும் பொருளுடையது. பண்டைக் கிரேக்கரும் தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரைச் சூட்டுவதையே பெருவழக்காகக் கொண்டிருந்தனர். உரோமரிடையே ஐந்தாமவன் எனப் பொருள்படும் குவிண்டஸ் முதலிய எண்ணுப் பெயர்கள் வழங்கின. இங்ஙனம் பெயரிடும் முறை, ஒரு மக்களினத்தின் குடும்ப அமைப்பையும் அச்சத்தையும் வேட்கையையும் ஒருங்கே காட்டவல்லது. நுவரெலியா, அட்டன், தலவாக்கலை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழரின் பெயர்களோ, இவற்றோடு அலுவலக ஏடுகளின் வரலாற்றையும் சேர்த்துக் காட்டுவன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தோர் கையிற் கொண்டுவந்த பொருள் மிகச் சிறிது. ஊர்த் தெய்வங்களைப் பெயர்களிலேயே சுமந்து வந்தனர். முனியாண்டி, மாரியாயி, கருப்பண்ணன், காளியம்மாள், பழனியாண்டி, அழகன், ரெங்கசாமி என்னும் பெயர்கள் காவற்றெய்வங்களையும் பழனி, அழகர்கோயில், திருவரங்கம் ஆகிய பதிகளையும் நினைவூட்டுவன. மலைநாட்டில் ஆடப்படும் பொன்னர் சங்கர் கதையின் மாந்தரும் மக்கட் பெயராயினர். ஊர் விட்டு ஊர் வந்த ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தை உசாவுவார்க்குக் குலதெய்வத்தின் பெயரைவிடச் சிறந்த சான்று பெரும்பாலும் கிட்டுவதில்லை.

பிச்சை, குப்பன், குப்பாயி, மூக்கன் என்னும் பெயர்களைக் கேட்டு நகைப்போர் உளர். அவை இகழ்ச்சியாற் பிறந்தவை அல்ல. பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பிழைத்த குழந்தையைக் குப்பையிற் கிடத்தி எடுத்தும், மூக்குக் குத்தியும், பிச்சையாகப் பெற்றதாகக் கூறியும் கூற்றுவனை ஏய்க்க முயன்ற பெற்றோரின் துயரமே அப்பெயர்கள். மேற்கு ஆபிரிக்காவின் யொரூபா மக்களும், மீண்டும் மீண்டும் பிறந்து இறப்பதாகக் கருதப்படும் குழந்தைக்கு 'இனிப் போகாதே' என்று பொருள்படும் பெயரை இடுவர். கடல் கடந்த இவ்விரு மக்களுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. தாயின் அச்சம் ஒன்றே பொது.

இத்தகைய பெயர்கள் தோட்டத்துக்கு வந்து செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டிற் புகுந்தன. பெயரில்லாமலே வந்தோரும் உண்டு எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரத் துண்டில் பொறிக்கப்பட்டவை, செல்லும் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்களே. ஒரே தோட்டத்தில் முனியாண்டியர் பலர் இருந்தமையாற் பெரிய முனியாண்டி, சின்ன முனியாண்டி எனவும் எண் கொடுத்தும் பிரித்தனர். நாளடைவில் 'பேர்' என்னும் சொல்லே தோட்டத்தில் ஒரு நாட் சம்பளத்தைக் குறிப்பதாயிற்று. பறித்த கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. வேலைக்குச் சேர்வது 'பேர் பதிதல்'. பெயருக்கு இத்தகைய பொருள் வேறெந்தத் தமிழ் நிலத்திலாவது ஏற்பட்டதோ என்பது ஐயமே.

ஏட்டை வகுத்தவரின் பெயர்முறை வேறு. லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஸ்கொத்லாந்தியர் ஜேம்ஸ் டெய்லரின் குடும்பப் பெயர், தையற்காரர் என்று பொருள்படுவது. துணி தையாத தலைமுறைகளும் அதனைத் தாங்கின. தோட்டங்களை அடுத்த கண்டிச் சிங்களக் கிராமங்களில், வீடு எனப் பொருள்படும் 'கெதர' என முடியும் வீட்டுப் பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வரும. தமிழர்க்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முன்னிற்கும், அதுவும் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். 'குடும்பப் பெயர் யாது?' என்னும் வினாவுக்குத் தோட்டத்தில் விடை இருக்கவில்லை. கணவன் பெயரைக் கேட்டாலோ மனைவி வாய் திறவாள்; அருகில் நின்றவளே சொல்லுவாள். தென்னாபிரிக்காவின் சூலு மகளிர் மாமனார் பெயரின் ஒலிகளைக்கூடத் தவிர்ப்பர் என்பதை அறிந்தார்க்கு இது வியப்பன்று. படிவத்தோடு வந்த எழுத்தர்க்கு அது விளங்கியிருக்குமா?

இடையே மக்கள் தாமும் பெயரைத் திருத்தலாயினர். கருப்பன் கருப்பையா ஆனான். இராமன் இராமையா ஆனான். இம்மாற்றத்தை வெறும் நாகரிகம் என ஒதுக்குவது தவறு. கருப்பனை எவரும் ஒருமையில் ஏவலாம். கருப்பையாவை ஏவுகின்ற கங்காணியும் 'ஐயா' எனச் சொல்லியே தீரவேண்டும். மதிப்புக்காக ஒரு சமூகம் செய்த அமைதியான கிளர்ச்சி அது.

அக்கிளர்ச்சிக்குப் பின்னர் விலை கொடுக்க நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன், மணமானோராயின் 7 ஆண்டும் ஏனையோராயின் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையைக் காட்ட வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு விண்ணப்பிக்கப்பட்டும், ஏறத்தாழ 1,34,000 பேரே உரிமை பெற்றனர். மறுப்புக்குக் காரணங்கள் பல. பெயர் ஒன்றே காரணம் எனல் மிகையாகும். ஆயினும் செக்ரோலில் கருப்பன், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் கருப்பையா என்றிருப்பின், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் சுமை விண்ணப்பித்தவர் தலையிலேயே விழுந்தது. பழனி என்னும் பெயரின் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறொருவாறும் எழுதினர். சிங்களத்தில் ழகரத்துக்குத் தனியெழுத்தே இல்லை. வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, ஏட்டுப் பெயர் ஒன்று என்னும் வழக்கமோ குழப்பத்தைப் பெருக்கிற்று.

1964 அக்டோபர் 30இல் ஒப்பமிட்ட சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு உரிமை வழங்கியது. இதற்கிடையே திராவிட இயக்கத்தின் காற்று லயங்களிலும் வீசி, இளங்கோ, தமிழ்ச்செல்வி, மணிமேகலை முதலிய பெயர்களைத் தந்திருந்தது. அதன்பின் சோதிடர் குறிக்கும் எழுத்தில் தொடங்கும் வடமொழிப் பெயர்கள் பெருகின. இன்று பாட்டன் பெயர் பேரனுக்கு அருகியே இடப்படுகின்றது. எனினும் பேரனின் பிறப்புப் பத்திரத்தில் பாட்டனின் பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதும் கட்டம் ஒன்று உண்டு. மூக்கனும் குப்பனும் அக்கட்டத்தில் இருக்கின்றனர்.