மீமாலாந்து

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் கோயிலை மறப்பதில்லை. பள்ளியையும் தோட்டத்தையும் மறப்பதில்லை. மக்கள் கூடிக் களித்த இடங்களை மட்டும் விட்டுவிடுகின்றனர். கோலாலம்பூருக்கு வடக்கே, கோம்பாக் காட்டுச் சரிவில் 1975ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மீமாலாந்து அவ்வாறு விடுபட்ட ஒன்று.

'மலேசியா இன் மினியேச்சர் லாந்து' என்பதன் சுருக்கமே அப்பெயர். நாட்டையே சிற்றுருவில் காட்டிவிடலாம் என்ற எண்ணம், விடுதலை பெற்று இருபது ஆண்டுகூட நிறையாத நாட்டுக்கு இயல்பானதுதான். ஆயினும் சிறுவர் மனத்தில் நின்றவை வேறு: மாபெரும் நீச்சல் குளம், ஏரியில் படகு, மரங்களிடையே நின்ற தொல்விலங்குச் சிலைகள்.

1993இல் சன்வே லகூன் திறக்கப்பெற்றது. ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலம் அங்கே பூங்காவாயிற்று. அடுத்த ஆண்டே மீமாலாந்து மூடப்பட்டது. இங்கே பூங்கா காடாயிற்று.

தொடக்க நாளில் பத்து வயதாயிருந்தவர் இன்று அறுபதைக் கண்டவர். இளமை நினைவோடு பின்னாளில் அங்குச் சென்றோர், நீர் வற்றிய குளத்தில் செடி முளைத்திருக்கக் கண்டனர். சிலைகளின் மேல் பாசி படர்ந்திருந்தது. சிற்றுருவாய்க் காட்டப்பட்ட நாட்டைவிட, அழிந்துபோன பெருவிலங்குகளே நெடுநாள் நிலைத்தன என்பது விந்தை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் முதியோரை மாணவர் கேட்கட்டும். வீட்டுப் பழைய நிழற்படங்களையும் புரட்டிப் பார்க்கட்டும். இவ்வரலாற்றுக்கு அவையும் சான்றுகளே.