எங்கும் போகாது என்று சொல்லி எழுதிய லினக்ஸ்: ஆல்பா முதல் சக்தி வரை



பி.காம். படிக்கிறவனுக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வரலாறு எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்கக்கூடும். கடைசியில் ஒரு கணக்குப் பதிவியல் கேள்வி இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. தொலைநோக்கியைப் பற்றி எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் அது எடுத்த படங்களை அலசிய கணினியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது வாக்ஸ் 11/780. செய்தது அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக்.

1980களின் இறுதியில் உலகக் கணினிச் சந்தையில் ஐ.பி.எம்.முக்கு அடுத்த இடம் டெக்குக்கு. இன்று அந்தப் பெயரில் ஒரு நிறுவனமே இல்லை. ஆனால் அதன் கடைசிக் காலத்தில் அது செய்த ஒரு சிறிய செலவு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் அதன் பலன் இருக்கிறது, சென்னையில் வடிவமைத்த ஒரு சிப்பிலும் இருக்கிறது. அந்தக் கதைதான் இது.

386ஐ விட்டு நகராத குழந்தை

1991 ஆகஸ்ட் 25. பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21, தான் எழுதும் ஆபரேட்டிங் சிஸ்டம் பற்றி இணையத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இது வெறும் பொழுதுபோக்கு என்றார். இன்டெல் 386 சிப்பின் வசதிகளைப் பிடித்துக்கொண்டு எழுதியிருப்பதால் வேறு கணினிக்குக் கொண்டுபோக முடியாது என்றும் அவரே சொல்லிவிட்டார்.

அதில் பொய் இல்லை. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறுவது, நினைவகத்தைப் பங்கு போடுவது எல்லாமே 386 எப்படிச் செய்யுமோ அப்படியே லினக்ஸில் எழுதப்பட்டிருந்தன.

1992 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம் இதையே குற்றச்சாட்டாக வைத்தார். மினிக்ஸ் என்ற சிறிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பாடத்துக்காக எழுதியவர் அவர். ஒரே சிப்பைக் கட்டிக்கொண்டு அழுகிற சிஸ்டம் காலாவதியானது, இன்டெல்லின் இந்த வகை சிப்புகளின் காலமும் முடியப்போகிறது என்பது அவர் வாதம். அன்று அது நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். பெரிய வேலைகளுக்கு எல்லோரும் வாங்கியது வொர்க்ஸ்டேஷன்: சன் கம்பெனியின் ஸ்பார்க், சிலிக்கான் கிராபிக்ஸின் மிப்ஸ், 1992இல் வந்த டெக்கின் ஆல்பா. ஒவ்வொன்றும் தனித்தனி ஜாதி. ஒன்றுக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது.

போர்ட் செய்வது என்றால் என்ன?

இதை எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் 'லாஸ்ட்' என்று ஒன்று உண்டு. கால் வடிவத்தில் இருக்கும் அச்சு. அதன்மேல் இழுத்து ஒட்டித்தான் ஷூவுக்கு வடிவம் வருகிறது. ஒரே லாஸ்டை வைத்து வருடக்கணக்காக வேலை செய்கிற ஒருவருக்கு, எந்த அளவு லாஸ்டினால் வந்தது, எந்த முறை தையலின் பொது விதி என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே வராது. வேறு நாட்டுக் கம்பெனி வேறு லாஸ்டை அனுப்பும்போதுதான் வெட்டும் அளவு எல்லாம் மாறும், தைக்கும் முறை அப்படியே இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் அதே கதைதான். இரண்டாவது கணினி வரும்வரை, முதல் கணினியிடமிருந்து என்னென்ன பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று எழுதியவருக்கே தெரியாது.

மேட்டாக் கொடுத்த கணினி

ஜான் ஹால் டெக்கில் யூனிக்ஸ் விற்பனைப் பிரிவில் இருந்தவர். 'மேட்டாக்' என்பது அவருடைய பட்டப்பெயர். 1994 மே மாதம் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டெக் பயனாளர்களின் கூட்டம் நடந்தது. அங்கே லினஸைச் சந்தித்த ஹால், லினக்ஸ் ஓடுவதைப் பார்த்து அசந்துபோனார். இது ஆல்பாவில் ஓட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். லினஸுக்கு அப்போது பவர்பிசி சிப்பின் மீது ஒரு கண். ஹால் அவரைப் பேசிச் சரிக்கட்டினார். பிறகு தன் மேலதிகாரிகளையும் பேசிச் சரிக்கட்டி, ஓர் ஆல்பா கணினியை லினஸுக்குக் கிடைக்கச் செய்தார்.

அவர் நியாயம் எளிமையானது. 64 பிட் கணினியில் ஆராய்ச்சி செய்ய நினைக்கும் பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரலோடு ஒரு சிஸ்டம் கிடைத்தால், அவர்கள் ஆல்பா வாங்குவார்கள்.

இதற்கு முன்பே மோட்டரோலா சிப் உள்ள அமிகா, அடாரி கணினிகளுக்கு ஆர்வலர்கள் லினக்ஸைக் கொண்டுபோயிருந்தார்கள். ஆனால் அது மூலத்தைப் பிரதி எடுத்துத் தனியாகத் திருத்தியது. அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போன மாதிரி. இந்த வீட்டில் ஒரு ஓட்டையை அடைத்தால் அந்த வீட்டில் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். டெக் பொறியாளர்களும் முதலில் சீக்கிரம் முடியட்டும் என்று 32 பிட் கணக்கிலேயே ஆல்பாவுக்கு ஒரு லினக்ஸைத் தனியே தயார் செய்தார்கள்.

லினஸ் சுற்று வழியைத் தேர்ந்தெடுத்தார். பிரதி எடுக்காமல் மூலத்தையே பிரித்து அடுக்கினார். எல்லாக் கணினிக்கும் பொதுவானது ஒரு பக்கம், அந்தந்த சிப்புக்கு மட்டும் உரியது தனி அறையில். ஆல்பாவை முழு 64 பிட் கணினியாகவே பாவித்தார். கடைசியில் டெக்காரர்கள் தங்கள் 32 பிட் பிரதியைக் கைவிட்டு இதற்கு வந்து சேர்ந்தார்கள்.

பிரிக்கும்போது என்னவெல்லாம் மாட்டியது தெரியுமா?

386இல் நினைவகத்தின் ஒரு பக்கம் 4 கிலோபைட், ஆல்பாவில் 8. நினைவக முகவரியும் சாதாரண முழு எண்ணும் 386இல் ஒரே அளவு, 32 பிட். அதனால் ஒன்றை இன்னொன்றில் போட்டு வைத்தாலும் தப்பிக்கலாம். ஆல்பாவில் முகவரிக்கு 64 பிட், எண்ணுக்கு 32. போட்டு வைத்தால் பாதி முகவரி காணாமல் போகும். கடிகாரம் 386இல் நொடிக்கு 100 முறை துடிக்கும், ஆல்பாவில் 1024 முறை. ஆரம்பகால ஆல்பாவுக்கு ஒற்றை பைட்டைத் தனியாக எழுதும் கட்டளைகூடக் கிடையாது. மொத்தமாக எடுத்து, நடுவில் மாற்றி, திரும்ப வைக்க வேண்டும்.

இவை ஒவ்வொன்றும் ஒரு சின்னத் திருத்தம்தான். ஆனால் ஒவ்வொரு திருத்தத்திலும் '386 இப்படித்தான்' என்ற நினைப்பு ஒன்று மூலத்திலிருந்து வெளியேறியது. ஆல்பா ஓடியதைவிட இதுதான் பெரிய விஷயம் என்பது என் கருத்து. அடுத்து வருகிற எந்தக் கணினிக்கும் பாதி வேலை அன்றே முடிந்துவிட்டது.

1995 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 1.2 பதிப்பில் ஆல்பாவோடு ஸ்பார்க், மிப்ஸ் பெயர்களும் சேர்ந்தன. ஸ்பார்க் வேலையை முன்னின்று செய்தவர் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் மில்லர் என்ற இளைஞர். 1996 கோடையில் அவரே சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்துக்குப் போய், அவர்களுடைய இண்டி வொர்க்ஸ்டேஷனிலும் லினக்ஸை ஏற்றினார். நாலு வருடத்துக்கு முன் நகரவே நகராது என்று சொல்லப்பட்ட சிஸ்டம் இது!

டைட்டானிக் மூழ்கியது, டெக்கும் மூழ்கியது

1997இல் வந்த 'டைட்டானிக்' படத்தை நாம் எல்லோரும் டிவியில் பார்த்திருப்போம். அதன் கிராபிக்ஸ் வேலைக்கு டிஜிட்டல் டொமைன் நிறுவனம் 160 ஆல்பா கணினிகளைப் பயன்படுத்தியது. 105இல் லினக்ஸ், 55இல் விண்டோஸ் என்.டி. ஹால் நினைத்தபடி லினக்ஸுக்காக ஆல்பா வாங்கினவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் அது போதவில்லை. 1998இல் டெக்கை 960 கோடி டாலருக்கு காம்பேக் வாங்கியது. 2001இல் காம்பேக் ஆல்பாவைக் கைகழுவுவதாக அறிவித்தது. 2002இல் காம்பேக்கை எச்.பி. வாங்கியது. 2007இல் ஆல்பா விற்பனை நின்றது. மற்ற வொர்க்ஸ்டேஷன்களின் கதியும் இதுதான். சிலிக்கான் கிராபிக்ஸ் 2006 இறுதியில் மிப்ஸ் கணினிகளை நிறுத்தியது. சன் 2010இல் ஆரக்கிளிடம் போனது. டேனன்பாம் போய்விடும் என்று சொன்ன இன்டெல் வகை நின்றது, நிற்கும் என்று எல்லோரும் நம்பிய வகைகள் போயின.

இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆல்பாவில் விண்டோஸ் என்.டி.யும் ஓடியது என்றேன் அல்லவா? 1999இல் காம்பேக் அதற்கான ஆதரவை நிறுத்தியது. மைக்ரோசாஃப்டும் விலகிக்கொண்டது. ஆல்பாவுக்கான விண்டோஸ் 2000 கடைக்கு வரவேயில்லை. என்.டி.யை நம்பி ஆல்பா வாங்கினவர் கையில் மூல நிரல் இல்லை, அவரால் ஒன்றும் செய்ய முடியாது. லினக்ஸ் வைத்திருந்தவருக்கு அந்த நிலை இல்லை. ஆர்வம் உள்ள நாலு பேர் இருக்கிறவரை அது ஓடும். ஓடவும் செய்தது.

வேடிக்கை என்னவென்றால், 2013இல் வந்த 3.8 பதிப்பில் லினக்ஸ் தன் பிறந்த வீடான 386 சிப்பையே கைவிட்டுவிட்டது. ஆல்பா அப்போதும் உள்ளேதான் இருந்தது :-) 2024இல் வந்த 6.10 பதிப்பில் பைட் கட்டளை இல்லாத அந்த ஆரம்பகால ஆல்பாக்களை மட்டும் நீக்கி, பிந்தையவற்றை விட்டுவைத்தார்கள்.

சென்னைக்கு வந்த பலன்

2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-வி என்ற கட்டளைத் தொகுப்பை உருவாக்கினார்கள். யாரும் உரிமக் கட்டணம் இல்லாமல் அதன்படி சிப் வடிவமைக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு அதை எடுத்துக்கொண்டு, மத்திய அரசின் நிதி உதவியோடு 'சக்தி' என்ற செயலிக் குடும்பத்தை வடிவமைத்தது. அந்த வடிவமைப்பும் திறந்த மூலம்தான்.

2018 ஜூலையில் 'ரைஸ்க்ரீக்' என்ற பெயரில் முதல் சிப்புகள் வந்தன. அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் செய்தவை. அவற்றில் லினக்ஸ் ஏறி ஓடியது. அதே ஆண்டு அக்டோபரில் சண்டிகரை ஒட்டிய மொகாலியில் உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் 'ரிமோ' தயாரானது. நம் நாட்டிலேயே வடிவமைத்து நம் நாட்டிலேயே செய்த சிப்.

செய்தித்தாள்கள் சிப்பைப் பற்றி எழுதின. நான் கவனிக்கச் சொல்வது லினக்ஸை. ஒரு புது சிப் செய்தால் மட்டும் போதாது. அதில் ஓட ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் சிலிக்கான் துண்டு. அதை முதலிலிருந்து எழுத ஒரு பல்கலைக்கழகக் குழுவால் முடியுமா? எழுதத் தேவைப்படவில்லை. 2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15 பதிப்பிலேயே ரிஸ்க்-விக்கு ஒரு தனி அறை ஒதுக்கப்பட்டிருந்தது. ஆல்பாவுக்காக 1995இல் கட்டிய அதே வரிசையில் இன்னொரு அறை. 64 பிட் கணக்கெல்லாம் பல வருடம் முன்பே தீர்ந்துபோன வழக்கு. சென்னைக் குழுவுக்கு மிஞ்சியது தங்கள் சிப்புக்கே உரிய பகுதிகள் மட்டும்.

இப்போது கணக்குக் கேள்வி

டெக்கின் புத்தகத்தில் இதை எப்படி எழுதியிருப்பார்கள்? ஒரு கணினி போனது, சில பொறியாளர்களின் சம்பளம் போனது. செலவு, அவ்வளவுதான். நாம் படிக்கிற ஏ.எஸ். 26ம் அதைத்தான் சொல்கிறது: ஆராய்ச்சிக் கட்டச் செலவைச் சொத்தாகக் காட்டக்கூடாது, அந்த ஆண்டிலேயே செலவாக எழுதிவிட வேண்டும். காம்பேக் 960 கோடி டாலர் கொடுத்தபோதும் இந்தப் பலன் அதன் கைக்குள் அடங்கவில்லை. ஏனென்றால் அது ஏற்கெனவே எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது.

கொடுத்தால் லாபம் வரும் என்று நான் நீதி சொல்ல வரவில்லை. டெக்குக்கு வரவில்லை, அது பிழைக்கவும் இல்லை. நம் கணக்கு முறையில் செலவு செய்தவரின் பக்கம் மட்டும் பதிவாகிறது, பலன் போய்ச் சேர்ந்த இடம் எந்தப் பேரேட்டிலும் இல்லை. சக்தி திட்டத்தையும் நாளை யாராவது இப்படித்தான் கேட்பார்கள்: எத்தனை சிப் விற்றது, எவ்வளவு லாபம் என்று. அந்தக் கேள்வி தப்பில்லை. ஆனால் 1995இல் ஆல்பா லினக்ஸைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டு, அந்தப் பதிலோடு கடையை மூடியிருந்தால் 2018இல் சென்னைக்குக் கிடைத்த அந்த அறை இருந்திருக்காது.

இப்படிப்பட்ட செலவைப் பேலன்ஸ் ஷீட்டில் எங்கே காட்டலாம்? காஸ்ட் அக்கவுண்டிங்கில் புலியாக இருக்கும் நண்பர்கள் யாராவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவரை அதற்கு இன்னும் ஒரு பத்தி ஒதுக்கவில்லை.