சுவிஸ் பந்து

சுவிஸ் பந்து என்பது மெத்தென்ற பிளாஸ்டிக்கால் ஆன, காற்றடைத்த பெரிய உடற்பயிற்சிப் பந்து. விட்டம் பெரும்பாலும் 45 முதல் 85 செ.மீ. வரை இருக்கும். ஜிம் பால், பிசியோ பால், ஸ்டெபிலிட்டி பால் என்றும் சொல்வார்கள். வயிறு, இடுப்பு, கீழ்முதுகு ஆகியவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நடுவுடல் தசைகளைப் பழக்கவும், சமநிலையை வளர்க்கவும் பயன்படுகிறது. பலரும் இதை ஜிம் கருவியாகத்தான் அறிந்திருக்கிறார்கள். ஆனால் முதலில் இதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது குழந்தைகளுக்கான சிகிச்சை அறையில்தான். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் புரிந்துகொள்ள அந்தத் தொடக்கத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

வரலாறு

பெயர் சுவிட்சர்லாந்தைச் சொன்னாலும் பந்து செய்யப்பட்டது இத்தாலியில். பிளாஸ்டிக் பொருள் உற்பத்தியாளரான அக்விலினோ கொசானி, எளிதில் துளை விழாத பெரிய பந்துகளை வார்க்கும் முறையை 1963இல் உருவாக்கினார். அந்தப் பந்தைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர் மேரி குவின்டன் என்ற பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்ட். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் குழந்தை மருத்துவர் எல்ஸ்பெத் கோங்குடன் சேர்ந்து, பெருமூளை வாதம் உள்ள கைக்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் அவர் சிகிச்சை அளித்துவந்தார்.

குழந்தையைப் பந்தின்மேல் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பந்தை மெதுவாக முன்னால் உருட்டுவார்கள். சரிவதை உணர்ந்ததும் குழந்தை தலையைத் தூக்கும், கைகளை முன்னால் நீட்டி ஊன்றப் பார்க்கும். பக்கவாட்டில் சாய்த்தால் உடலை எதிர்ப்பக்கம் வளைக்கும். தலையைத் தூக்கு என்று சொல்லிப் புரியவைக்க முடியாத வயதில், அந்த அசைவைத் தானாகவே வரவழைக்கிறது பந்து. குழந்தைகளுக்கான பிசியோதெரபியில் இந்த முறை இன்றும் கையாளப்படுகிறது.

பாசெல் நகரின் பிசியோதெரபி பள்ளியை நடத்திய சூசன்னே கிளைன்-ஃபோகல்பாக், முதுகுவலியும் மூட்டுக் கோளாறும் உள்ள பெரியவர்களுக்கு ஏற்ற பயிற்சிகளாக இதை விரிவாக்கினார். அங்கே வந்து பார்த்துப் பழகிய அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகள் தங்கள் நாட்டுக்குத் திரும்பிச் சூட்டிய பெயரே ‘சுவிஸ் பந்து’. 1990களில் அது அங்கிருந்து விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கூடங்களுக்கும் பரவியது.

செயல்படும் விதம்

பந்தின்மேல் உட்கார்ந்து ஒரு காலை மட்டும் தரையிலிருந்து சற்றே உயர்த்தினால் அடிப்படை விளங்கிவிடும். பந்து ஒரு பக்கம் நகரப் பார்க்கும். உட்காதின் சமநிலை உறுப்பும் கண்ணும், தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்நரம்புகளும் அந்த நகர்வை மூளைக்குச் சொல்ல, நடுவுடல் தசைகள் கணந்தோறும் சின்னச் சின்னத் திருத்தங்களைச் செய்கின்றன. வயிற்றைச் சுற்றிக் கச்சைபோல் அமைந்த ஆழ்ந்த குறுக்குத் தசை, முதுகெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு தசைகள், பக்கவயிற்றுச் சாய்தசைகள், இடுப்புத்தளத் தசைகள், உதரவிதானம் எல்லாம் இதில் பங்குகொள்கின்றன.

கடினத்தைக் கூட்டிக் குறைக்க எடை தேவையில்லை. பாதங்களை அகட்டி வைத்தால் எளிது, நெருக்கி வைத்தால் கடினம். காற்று சற்றுக் குறைவான பந்து அழுந்திப் பரவி நிற்பதால் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. விறைப்பாக ஊதிய பந்து சட்டென்று உருளும். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியில் பந்து தொடைக்கு அடியில் இருந்தால் சமாளிக்கலாம். அதையே கெண்டைக்காலுக்கு அடியில் தள்ளினால் கால் நடுங்கும்.

ஆய்வுகள் காட்டுவது

பந்தின்மேல் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, தோளை மட்டும் உயர்த்தும் பயிற்சியை வேரா-கார்சியா, கிரெனியர், மெக்கில் ஆகியோர் எட்டு ஆண்களிடம் அளந்து 2000இல் வெளியிட்டனர். அசையாத பரப்பில் முன்வயிற்றுத் தசை தன் உச்சத் திறனில் 21 சதவீதம் இயங்கியது. பந்தின்மேல் அதுவே 35 சதவீதமானது. வெளிச்சாய்தசை 5இலிருந்து 10 சதவீதத்துக்கு ஏறியது. இந்தப் பயிற்சியைப் பந்தின்மேல் செய்வதில் பலன் இருக்கிறது என்று சொல்ல இது போதும்.

கனமான எடை தூக்கும்போது நிலைமை வேறு. 2004இல் ஆண்டர்சனும் பெமும் செய்த ஆய்வில், பந்தின்மேல் படுத்து மார்புக்கு மேலே தள்ளியவர்கள் செலுத்த முடிந்த விசை, பெஞ்சில் படுத்துத் தள்ளியதைவிட சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. தசைகளின் மின்னியக்கம் ஏறத்தாழ அதே அளவுதான். தசை உழைக்கிறது, ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதி கீழே விழாமல் இருப்பதற்கே செலவாகிறது. மார்பு, தோள், தொடை ஆகியவற்றில் முரட்டு வலிமை வேண்டுபவர்களுக்குத் தரையும் பெஞ்சும்தான் சரியான இடம்.

அதே ஆண்டில் ஸ்டான்டன் குழுவினர் 18 இளம் விளையாட்டு வீரர்களிடம் ஆறு வாரப் பயிற்சியின் விளைவைப் பார்த்தார்கள். பந்துப் பயிற்சி பெற்றவர்களின் நடுவுடல் நிலைத்தன்மை கூடியது. ஓட்டத் திறன் மாறவில்லை. பந்தில் பழகியது பந்தை ஒத்த வேலைகளில்தான் முதலில் தெரியும் என்பதை இது உணர்த்துகிறது.

அலுவலக நாற்காலிக்குப் பதிலாகப் பந்தில் உட்காரும் பழக்கத்துக்கு ஆய்வுகளின் ஆதரவு மிகக் குறைவு. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 14 பேர் ஒரு மணி நேரம் பந்திலும் ஒரு மணி நேரம் நாற்காலியிலும் உட்கார்ந்து வேலை செய்தனர். தசை இயக்கத்தில் தெரிந்த வேறுபாடு சொற்பம். பந்தில் அசௌகரியம்தான் அதிகமாக இருந்தது. முதுகுவலி உள்ளவர்கள் நாள் முழுதும் பந்தில் உட்காருவது வலியை வளர்க்கும் வழியாகிவிடக்கூடும்.

அளவும் காற்றும்

பந்தின்மேல் உட்கார்ந்து பாதங்களைத் தரையில் பதிக்கும்போது, இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தால் அளவு சரி. நடுத்தர உயரமுள்ளவர்களுக்குப் பொதுவாக 55 செ.மீ. அல்லது 65 செ.மீ. பந்து பொருந்தும். கால் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் அட்டவணையைவிட உட்கார்ந்து பார்ப்பதே நம்பகமானது.

புதிய பந்தை ஒரே மூச்சில் முழுதும் ஊதக் கூடாது. முக்கால் அளவுக்கு மேல் சற்று ஊதி, ஒரு நாள் விட்டு, பிளாஸ்டிக் தளர்ந்த பிறகு மீதியை நிரப்ப வேண்டும். விட்டத்தை அளக்க, பந்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, மறுபக்கம் ஓர் அட்டைப்பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, சுவருக்கும் பெட்டிக்கும் இடையே டேப் பிடித்தால் போதும். குறிப்பிட்ட அளவைத் தாண்டி ஊதிய பந்து வெடிக்கக்கூடும்.

பாதுகாப்பு

அமெரிக்காவில் 2009இல் சுமார் 30 லட்சம் பந்துகள் திரும்பப் பெறப்பட்டன. அளவுக்கு மீறி ஊதிய பந்துகள் வெடித்ததாக 47 புகார்கள் வந்திருந்தன. அதே ஆண்டு அக்டோபரில், சேக்ரமென்டோ கிங்ஸ் அணியின் கூடைப்பந்து வீரர் ஃபிரான்சிஸ்கோ கார்சியா, பந்தின்மேல் எடை தூக்கிக்கொண்டிருந்தபோது பந்து வெடித்து வலது முன்கை முறிந்தது. ஆண்டர்சன்–பெம் ஆய்வையும் இந்த விபத்தையும் சேர்த்துப் பார்த்தால், கையில் கனமான டம்பெல்லோடு பந்தின்மேல் படுப்பதில் லாபமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. வெடிக்காமல் மெதுவாகக் காற்று இறங்கும் வகைப் பந்துகள் கிடைக்கின்றன. அவை துளைபட்டால்தான் அப்படி நடந்துகொள்ளும், கண்டபடி ஊதலாம் என்று பொருளல்ல.

சொரசொரப்பான தரையும் கொக்கி வைத்த உடைகளும் பந்தைக் கீறும். டைல்ஸ் தரையில் ஈரம் இருந்தால் பந்தும் பாதமும் சேர்ந்து வழுக்கும். விரிப்பின்மேல், வெறுங்காலோடு, சுவருக்கு அருகில் தொடங்குவது நல்லது. எலும்புத் தேய்மானம், தலைச்சுற்றல், அண்மையில் முதுகு அல்லது வயிற்று அறுவைச் சிகிச்சை ஆகியவை உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

பிற வடிவங்கள்

பிரசவ வலியின்போது பந்தின்மேல் உட்கார்ந்து இடுப்பை மெல்ல அசைக்கப் பல பிரசவ அறைகளில் ஊக்குவிக்கிறார்கள். நடுவே இடை ஒடுங்கிய நிலக்கடலை வடிவப் பந்து முன்பின் மட்டுமே உருளும், பக்கவாட்டில் ஓடாது. அதனால் உருண்டைப் பந்தில் பயப்படும் குழந்தைகளின் சிகிச்சைக்கு உதவுகிறது. முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்டு எழுந்து உட்கார முடியாத கர்ப்பிணிகள் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது, இதே வடிவப் பந்தை முழங்கால்களுக்கு இடையே வைத்து இடுப்பை விரிந்த நிலையில் தாங்கவைக்கிறார்கள்.