வாடகை முடிவு அறிவிப்பு (தமிழ்நாடு)

வாடகை முடிவு அறிவிப்பு என்பது, குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என வீட்டு உரிமையாளர் எழுத்து மூலம் தெரிவிப்பதாகும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வீட்டு வாடகை மாதந்தோறும் தொடர்வதாகக் கொள்ளப்படும். அதை முடிக்க 15 நாள் அறிவிப்பு தேவை. கையொப்பமிட்ட அறிவிப்பை அஞ்சலில் அனுப்பலாம். நேரிலோ வீட்டிலுள்ள குடும்பத்தாரிடமோ கொடுக்கலாம். இயலாவிடில் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம்.

தொடக்கத்தில், அறிவிப்புக் காலம் வாடகை மாதத்தின் முடிவோடு முடிய வேண்டும் என்ற விதி இருந்தது. மாத நடுவில் குடிவந்தவருக்கு இந்தக் கணக்கு எளிதில் பிசகும். அதனாலேயே வழக்குகள் தள்ளுபடியாயின. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விதியை நீக்கியது. நாள் குறைவாகக் குறிப்பிட்டிருந்தாலும், உரிய காலம் கழிந்தபின் வழக்குத் தொடுத்தால் அறிவிப்பு செல்லும் என்றும் கூறியது.

நகரங்களில் நிலைமை வேறு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சென்னை, மதுரை, நகராட்சிகள் ஆகியவற்றுக்குப் பொருந்தியது. அதன்படி அறிவிப்பு தந்தால் மட்டும் போதாது; வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், சொந்தத் தேவை போன்ற காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும். இத்தகைய வழக்குகளுக்கு 106ஆம் பிரிவு அறிவிப்பு தேவையில்லை என, தனபால் செட்டியார் – யசோதை அம்மாள் வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குடியிருப்பவருக்குக் காப்பாக நின்றது அறிவிப்பின் நாள்கணக்கு அன்று, சட்டம் கேட்ட காரணமே.

1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இது எழுத்து மூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது.