ஈயப் படைவீரனின் முகம்

1826ஆம் ஆண்டு சூன் திங்களில், இங்கிலாந்தின் ஹாவொர்த் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாதிரியார் பேட்ரிக் பிராண்ட்டி, லீட்ஸ் நகரிலிருந்து தம் மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டிப் பொம்மைகள் வாங்கி வந்தார். மரத்தாலான பன்னிரண்டு படைவீரர்கள். மறுநாள் காலை நான்கு குழந்தைகளும் ஆளுக்கொரு வீரனைத் தமதாக்கிக் கொண்டனர். சார்லட் தன் வீரனுக்கு வெல்லிங்டன் கோமகனின் பெயரைச் சூட்டினாள். ஏழு வயது எமிலிக்குக் கிடைத்தவனின் முகமோ இறுகி, ஏதோ எண்ணத்தில் ஆழ்ந்தது போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தே அவனுக்குப் பெயரிட்டார்கள். மூன்றாண்டுகள் கழித்துச் சார்லட் இதனை எழுதி வைத்தாள். கண்ணாடி நகரம், ஆங்கிரியா, கோண்டல் என்னும் கற்பனை நாடுகளும், உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சிறு கையெழுத்து நூல்களும் இந்த விளையாட்டின் வழித்தோன்றல்களே.

ஒப்பிலக்கியத் தாளுக்காக இவர்களின் இளமைக்கால எழுத்துகளைப் பயின்றபோது என் மனம் எமிலியின் வீரனிடம் நின்றுவிட்டது. எங்கோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவர் விரைந்து இழுத்த ஒரு தூரிகைக் கோடு ஒரு கவிஞரின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த 'யாரோ ஒருவரை'த் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

படைவீரனைச் சிற்றுருவாக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. எகிப்தில் அசியூத் என்னுமிடத்தில் மெசேத்தி என்ற தலைவனின் கல்லறையில் கிடைத்த மரப்படை ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. நாற்பது எகிப்திய ஈட்டி வீரர், நாற்பது நூபிய வில்லாளர். எகிப்தியர்க்குச் செம்பழுப்பு, நூபியர்க்குக் கருமை. ஆனால் வீரர்கள் ஒரே உயரத்தில் இல்லை. அகன்ற வெண்விழிகளோடு அவர்கள் நம்மை நேரே நோக்குகின்றனர். அவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல. இறந்தவனோடு மறுமைக்குச் செல்ல வேண்டிய காவலர்கள். காவலனுக்குக் கண் இன்றியமையாதது அன்றோ!

விளையாட்டுப் பொருளாக உலோகப்படை பெருகியது செருமனியின் நியூரம்பர்க் நகரில். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோகான் காட்ஃபிரைட் ஹில்பர்ட் என்னும் வெள்ளீயக் கைவினைஞர் தட்டையான வீரர்களை வார்த்தார். கல்லில் செதுக்கிய இரு அச்சுகளுக்கிடையே உலோகத்தை ஊற்றி எடுக்கும் மெல்லிய தகட்டுருவங்கள் அவை. 1839இல் தொழில் தொடங்கிய ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரத்தை நிலைப்படுத்தினார். தகட்டுருவில் முகம் பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும். ஒரு பக்கத்திற்கு ஒரு கண். வார்ப்பவர் பெயர் தகட்டில் பொறிக்கப்படுவதுண்டு. வண்ணம் தீட்டிய பெண்களும் குழந்தைகளும் தத்தம் வீடுகளில் எண்ணிக்கைக் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்கள் பெயரைத் தகட்டில் தேடிப் பயனில்லை.

1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்னும் இளையவர் புதியதொரு வார்ப்பு முறையைக் கண்டார். உருகிய ஈயக் கலவையை அச்சினுள் ஊற்றிச் சுழற்றுவது. அச்சின் சுவரையொட்டி ஒரு மெல்லிய படலம் இறுகியதும் எஞ்சியதை வெளியே கொட்டிவிடுவது. உள்ளே வெற்றிடம். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. திண்மையாக வார்க்கப்பட்ட செருமானியப் பொம்மைகளுக்கு இது பெரும் போட்டியாயிற்று. இப்பொம்மைகளின் 54 மில்லிமீட்டர் அளவே பின்னர்த் துறையின் பொது அளவாகியது. இங்கும் வண்ணம் தீட்டியோர் பெரும்பாலும் பெண்களே. இளஞ்சிவப்பு முகம், அதில் கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு புள்ளி, மீசைக்கு ஒரு கீற்று. கூலி எண்ணிக்கைக்கு என்றால் முகத்துக்கு எத்தனை நொடி கிடைத்திருக்கும்? எனினும் இரு புள்ளிகள் சற்றே நெருங்கினால் ஒருவன் திகைத்தவன். ஒன்று தாழ்ந்தால் குறும்பன். ஒரே அச்சில் பிறந்தவர்களை வேறுபடுத்தியது அந்தக் கைகளின் களைப்பும் விரைவுமே.

நம்மைத் தொடும் செய்தி இனிமேல்தான். அந்நிறுவனம் 1890களின் இறுதிக்குள் இந்தியப் படையினர் வரிசை ஒன்றை வெளியிட்டது. அதில் 67ஆம் எண்ணுள்ள பெட்டி, 'முதலாவது சென்னை நேட்டிவ் காலாட்படை'. தலைப்பாகையும் செந்நிற மேற்சட்டையும் அணிந்து, துப்பாக்கியைக் கையில் தாழ்த்திப் பிடித்து நடக்கும் வீரர்கள். பம்பாய்ப் படையும் வங்கப் படையும் இதே உருவத்தில்தான் வந்தன. உடையின் வண்ணங்களே வேறு. முகமோ மூன்றுக்கும் ஒன்று. ஒரே பழுப்பு, ஒரே மீசை. ஆங்கிலப் படைப்பிரிவுகளின் கழுத்துப்பட்டை நிறம் ஒரு நூலளவு பிறழ்ந்தாலும் முறையிடும் வாங்குவோர் இருந்த ஊரில், தென்னாட்டு உழவன் மகனும் வங்கப் படையின் வடநாட்டானும் ஒரே முகத்தோடு விற்கப்பட்டதைக் குறையாகக் கருத எவருமில்லை.

காலத்தை நோக்கினால் இன்னொரு முரணும் புலப்படும். அப்படையின் பெயரிலிருந்து 'நேட்டிவ்' என்னும் சொல்லை அரசு 1885இலேயே நீக்கிவிட்டது. பொம்மைப் பெட்டி நீக்கவில்லை. சென்னை மாகாணத்துத் தனிப்படை 1895 ஏப்ரல் 1ஆம் நாளோடு ஒழிந்து, ஒருங்கிணைந்த இந்தியப் படையில் கரைந்தது. போர்க்குணமுள்ள இனங்கள் சிலவே என்னும் கோட்பாடு அப்போது வலுத்திருந்தது. 1885 முதல் 1893 வரை இந்தியத் தலைமைப் படைத்தலைவராயிருந்த ராபர்ட்சு, சென்னை வீரர்களைத் தாழ்வாக மதிப்பிட்டவர். வடமேற்கத்தியரைக் கூட்டித் தென்னாட்டவரைக் குறைத்த காலம் அது. 1758இல் தோன்றிய அந்த முதற்படையின் மரபில் வந்த சென்னைப் பயனியர்கள் 1933இல் கலைக்கப்பட்டனர். படையில் இடம் சுருங்கி வந்த அதே ஆண்டுகளில்தான் ஆங்கிலக் குழந்தைகளின் தரைவிரிப்புகளில் அவ்வீரன் அணிவகுத்துக் கொண்டிருந்தான்.

முகத்துக்கு முகமென மதிப்புக் கிடைத்தது பொம்மை பெரியவர்களின் கைக்கு மாறிய பின்னரே. 1935இல் பிரிட்டனில் மாதிரிப் படைவீரர் ஆர்வலர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1960களில் பிரான்சின் ஹிஸ்டோரெக்ஸ் நிறுவனம் நெப்போலியன் காலத்து வீரர்களை நெகிழி உறுப்புகளாகப் பிரித்து விற்றது. தலையை மாற்றலாம், கையைத் திருப்பலாம். அமெரிக்காவின் செப்பர்டு பெய்ன் (1946 - 2015) போன்றோர் தம் நூல்களால் இக்கலையைப் பலரிடம் கொண்டு சேர்த்தனர். சிற்றுருவங்களைச் செய்து வண்ணமிடுவது பற்றிய அவருடைய நூல் 1993இல் வெளிவந்தது.

வேலையின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 54 மில்லிமீட்டர் உருவம் உண்மை மனிதனில் ஏறத்தாழ முப்பத்திரண்டில் ஒரு பங்கு. நம் கண்ணின் அகலம் அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கருவிழி அதில் பாதிக்கும் குறைவு. அதனைத் தீட்ட வேண்டியது நுனி கூர்ந்த மயிர்த் தூரிகையால். கண்ணின் வெண்மைக்குத் தூய வெள்ளை இடலாகாது. இட்டால் வீரன் பேயறைந்தவன் போல் விழிப்பான். கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தாலும் அப்படியே. மேலிமை அதன் தலையைச் சற்று மறைக்க வேண்டும். இரு விழிகளையும் நேரே நோக்கவைத்தால் மாறுகண் விழ வாய்ப்பு மிகுதி. ஆகவே பலர் பார்வையைச் சற்றே ஒரு பக்கம் திருப்பிவிடுகின்றனர். திறமைக் குறைவை மறைக்கத் தோன்றிய இந்த உத்தி, வீரன் எதையோ கேட்டுத் திரும்பியது போன்ற உயிர்ப்பையும் தந்துவிடுகிறது. யாப்பின் நெருக்கடியில் நல்ல சொல் வந்து விழுவதைக் கண்ட கவிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்று நிழல். இத்துணைச் சிறிய மூக்கு தன் நிழலைத் தானே போதுமான அளவு வீழ்த்துவதில்லை. ஒளி உச்சியிலிருந்து விழுவதாகக் கொண்டு, புருவத்தின் கீழும் மூக்கின் கீழும் கீழுதட்டின் கீழும் நிழலை ஓவியரே தீட்ட வேண்டும். நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு ஆகியவற்றுக்கு ஒளி. மேலுதடு கீழுதட்டைவிடக் கருமை. மழித்த தாடையில் சாம்பல் கலந்த நீலம் ஒரு சாயலளவு. எண்ணெய் வண்ணம் மெல்ல உலர்வதால் ஒரு நிறத்தை மற்றொன்றில் இழைக்க நேரம் கிடைக்கிறது. பிரிட்டன் பட்டறைப் பெண்ணுக்குக் கிடைக்காத நேரம் அது.

இன்று ஒருவர் சென்னைக் காலாள் ஒருவனைத் தீட்ட அமர்ந்தால் பழைய ஒற்றைப் பழுப்பு உதவாது. கருநிறத் தோலுக்கு ஒளி சேர்க்க வெள்ளையைக் கலந்தால் முகம் சாம்பல் பூத்துவிடும். காவி மஞ்சளும் செம்மையும் கலந்தே ஒளியை ஏற்ற வேண்டும். நிழலுக்குக் கறுப்பன்று, ஆழ்ந்த செம்பழுப்பு. கண்ணின் வெண்மையை இன்னும் மங்கச் செய்ய வேண்டும். சுற்றியுள்ள கருமை அதனைத் தானே பளிச்சிடச் செய்யும். முகச்சாயலுக்கு முன்மாதிரி தேடுவோர் 1911இல் வெளிவந்த 'இந்தியாவின் படைகள்' என்னும் நூலை நாடுகின்றனர். அதற்கு லவெட் என்னும் படை அதிகாரி தீட்டிய 72 வண்ண ஓவியங்களில் மனிதர்கள் தனித்தனி முகங்களோடு நிற்கின்றனர். கீழே படைப்பிரிவு இருக்கும். பதவியோ இனமோ இருக்கும். பெயர் பெரும்பாலும் இராது. ஆகவே அந்த முகத்தைப் பார்த்துத் தூரிகையைத் தோய்ப்பவர், எமிலியைப் போலத் தாமே அவனுக்கொரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.